தைப்பிங் மாமிக்கு அப்பா எழுதாத கடிதங்கள்

பிற்பகல் இரண்டரை மணி இருக்கும். இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டலின் பின்கட்டிடம், மூன்றாம் மாடி, தொழிலாளர் அறை. மதியச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி முடித்தாயிற்று. இராச் சாப்பாட்டுக்கு ஐந்து மணிக்குத் திரும்ப இறங்க வேண்டும். இந்த இடைவேளையைச் சுவிஸ்காரர் 'சிம்மர்ஸ்துண்டே' என்பார்கள். அறைக்குப் போய் முதுகை நீட்டும் நேரம். அறைத்தோழர் யோசேப்பு அண்ணை கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். நான் ஜன்னலோர மேசையில் கொப்பியில் கிழித்த ஒற்றை ஒன்றை விரித்து வைத்து, இறந்துபோன அப்பாவின் கையெழுத்தில் 'அன்புள்ள அக்காவுக்கு' என்று எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன்.

நான்கு ஒற்றைகள் வீணாயின. நாள் முழுதும் தண்ணீரில் ஊறிய விரல்களில் பேனை வழுக்கியது. அப்பா பழைய எழுத்துக்காரர். அவருடைய 'லை'யும் 'னை'யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எழுத்துகள் எல்லாம், எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவரைப் போல ஒரு பக்கம் குனிந்திருக்கும்.

ஐந்தாவது ஒற்றையில் கை பழகிவிட்டது. அவ்வளவு சுலபமாகப் பழகியது எனக்கே பயமாக இருந்தது.

கோப்பை கழுவிய காலத்தைப் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, லவுசானிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அந்த நாட்களில் செய்ததில் எதை நினைத்து இன்றும் வருந்துகிறீர்கள்?" பதிலை ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால் இந்த வாரம் முழுவதையும் அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கப்பலேறிய அக்கா

மாமி, அப்பாவின் ஒரே அக்கா. பத்தொன்பது வயதில், மலாயா ரயில்வேயில் கிளார்க்காக இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவர். தைப்பிங் என்ற ஊரில் குடியேறினார். ஒரே ஒருமுறை யாழ்ப்பாணம் வந்து போனாராம். எனக்கு அப்போது நான்கு வயது. ஒன்றும் ஞாபகமில்லை.

ஆனால் நாற்பது வருடம் அக்காவும் தம்பியும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டார்கள். அப்பாவின் கடிதம் எப்போதும் ஒரு பக்கம்தான். மழை பெய்தது, மாடு கன்று போட்டது, இன்னார் காலமானார், வேறு விசேஷமில்லை. அவ்வளவுதான்.

சண்டை வலுத்து யாழ்ப்பாணத்துத் தபால் படுத்தபோது, இடையில் நான் வந்தேன். அப்பாவின் கடிதம் யார் யாருடைய கையிலோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வரும். நான் புது உறையில் போட்டுத் தைப்பிங்குக்கு அனுப்புவேன். மாமியின் பதிலும் என் விலாசத்துக்கே வரும். உள்ளே அப்பாவின் பெயரிட்டு ஒட்டிய இன்னொரு உறை. கூடவே ஒரு துண்டு: 'தம்பி, இதை அப்பாவுக்கு அனுப்பிவிடு.' எனக்கென்று அந்த ஒரு வரிதான். நான் தபால்காரன். உள் உறையை ஒருநாளும் பிரித்ததில்லை.

பிறகு அந்த மழைக்காலம் வந்தது. இராணுவம் நெருங்கி வர, ஊர் முழுவதும் ஒரே நாளில் எழும்பி, நனைந்தபடி கிழக்கே நடந்தது. அப்பாவும் அம்மாவும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அங்கே காய்ச்சலில் அப்பா போய்விட்டார். மருந்து இல்லை. பக்கத்துப் பாயில் இருந்த மனிதர் கொள்ளி வைத்தார்.

எனக்குச் செய்தி வந்து சேர நான்கு மாதம். அப்போது என்னிடம் இருந்தது, அகதி மனு முடிவாகாதவர்களுக்குக் கொடுக்கும் 'N' பெர்மிட். சுவிஸை விட்டு வெளியே காலை வைத்தால் திரும்ப முடியாது. போய்த்தான் என்ன செய்ய? எல்லாம் முடிந்திருந்தது. அன்று பின்னேரமும் ஐந்து மணிக்குக் கீழே இறங்கிக் கோப்பை கழுவினேன்.

அம்மாவின் கடிதத்தின் அடியில் இரண்டு வரி இருந்தது. 'மாமி கடைசிக் கடிதத்திலை தனக்கு நெஞ்சு ஒப்பரேஷன் எண்டு எழுதியிருந்தவ. இப்ப சொல்லிப்போடாதை. கொஞ்சம் தேறட்டும்.'

முதலாவதும் இரண்டாவதும்

யோசேப்பு அண்ணை தூங்கவில்லை. எழும்பி வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மன்னார்க்காரர். ஞாயிறு பூசைக்குத் தவறாதவர்.

"கொப்பர் செத்திட்டார் எண்டல்லோ சொன்னாய்?"

"ஓம் அண்ணை. மாமிக்கு உடம்பு ஏலாது. ஒண்டே ஒண்டு எழுதுறன். அவ தேறினாப் பிறகு சொல்லுவன்."

"சொல்ல மாட்டாய்."

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?"

"இப்ப சொல்லுறது சுகம். ரெண்டாவது கடிதத்திலை சொல்லேக்கை, முதலாவதுக்கும் சேர்த்துச் சொல்ல வேணும் தம்பி."

அவர் சொன்னபடியே நடந்தது. மாமி தேறினார், பதில் எழுதினார். இந்த முறை அந்த உள் உறையை நான் பிரிக்க வேண்டியிருந்தது. பிரிக்காமல் எப்படிப் பதில் எழுதுவது?

அது தம்பிக்கு ஒரு அக்கா எழுதிய கடிதம். புருஷன் போனபின் வீடு எப்படி இருக்கிறது, ஒப்பரேஷனுக்கு முதல்நாள் எதை நினைத்துப் பயந்தார், மகளிடம்கூடச் சொல்லாதது என்னென்ன என்று எல்லாம் இருந்தது. நான் வாசித்தேன். திருடியதுபோல மேசை லாச்சியில் ஒளித்து வைத்தேன்.

இரண்டாவது எழுதினேன். ஐந்தாவது எழுதினேன். சுவிஸ் கொப்பிகள் எல்லாம் கட்டம் போட்டவை. ஆகவே பேர்னில் தமிழ்க் கடையில் கோடு போட்ட கொப்பி வாங்கினேன். பல கை மாறி வந்ததுபோல் தெரிய, எழுதிய ஒற்றையை மடித்து ஒருநாள் முழுக்கக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலை செய்வேன். இப்படிப்பட்ட கெட்டித்தனம் எல்லாம் மனிதனுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ.

ஒரு கடிதத்தில் மாமி கேட்டிருந்தார்: 'தம்பி, வடக்கறையை எனக்கு வைத்திருக்கிறாயோ?'

எங்கள் வீட்டின் வடக்கறை கூரையோடு விழுந்துவிட்டது என்று, ஊர் திரும்பிய அம்மா எழுதியிருந்தார். நான் அப்பாவாக எழுதினேன்: 'அறை இருக்கிறது அக்கா. கூட்டித் துப்புரவாக்கி வைத்திருக்கிறோம்.'

அதற்கு வந்த பதில்தான் என்னை உலுக்கியது. 'இந்த வீட்டை விற்கப் பேசிவிட்டேன். ஒரு சீனர் வாங்குகிறார். மிச்சக் காலத்தை உன்னோடு இருந்து கழிக்கிறேன். சண்டை என்றால் என்ன, நீ இருக்கிறாய்தானே.'

கடிதத்தை யோசேப்பு அண்ணையிடம் கொடுத்தேன். வாசித்தார். அலுமாரிக்கு மேலிருந்த தன் சூட்கேசை இறக்கி, தூசி தட்டி, என் கட்டிலில் வைத்தார்.

அந்த வருடம்தான் என்னை அகதியாக ஏற்று 'B' பெர்மிட் தந்திருந்தார்கள். கூடவே ஒரு பயணப் புத்தகம். இலங்கையைத் தவிர மற்ற எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும். விசாவுக்காக மூன்று தடவை பேர்னுக்கு அலைந்தேன். லீவு கேட்டபோது சமையலறைத் தலைவர் சிரித்தார். "மலேசியாவா? கடற்கரையா?" ஆம் என்றேன்.

தொலைந்து வந்த யானை

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வடக்கே பல மணி நேரம். தைப்பிங்கில் இறங்கியபோது மழை கொட்டியது. அந்த நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் ஊராம். இன்றைக்கு எத்தனை மணிக்குப் பெய்யும் என்று சீனக் கிழவர்கள் பந்தயம் கட்டுவார்கள் என்று, ஸ்டேஷனுக்கு வந்திருந்த மச்சாள் சொன்னார். சுசீலா மச்சாள், மாமியின் ஒரே மகள். பள்ளிக்கூட ஆசிரியை.

மாமி வீட்டு வாசல் படலையடியில் குடையோடு நின்றார். என்னைக் கண்டதும் குடையைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்தார்.

"தம்பியின்ரை மூக்கு," என்றார். "அப்பிடியே அவன்ரை மூக்கு."

அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை என்னைப் பழைய சந்தைக்குக் கூட்டிப் போனார். மரத்தூண்கள் நிறுத்திய பெரிய கொட்டகை. ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் கீரை. எல்லாவற்றுக்கும் மேலாக இறால் அரைத்துப் புளிக்க வைத்த பெலாச்சானின் மணம். மீன்காரனோடு மலாயில், கீரைக்காரியோடு சீனத்தில், என்னோடு நாற்பது வருடத்துக்கு முந்திய யாழ்ப்பாணத்தில் மாமி கதைத்தார். தட்டையான அரிசி நூடில்ஸைச் சட்டியில் புரட்டிக் கொடுத்தார்கள், சாப்பிட்டோம். பச்சை நிறத்தில் புழுப்புழுவாக நெளியும் ஏதோ ஒன்றைப் பனிக்கட்டியும் தேங்காய்ப்பாலும் போட்டுத் தந்தார்கள், குடித்தோம். செண்டோலாம்.

பின்னேரம் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிளில் ஒருவர் இடியப்பம் விற்றார். நான் ஆவலோடு வாங்கினேன். அவர் சம்பலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவித் தந்தார். என் முகத்தைப் பார்த்து மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நானும் முதல்நாள் அழுதனான். புருஷன்ரை ஊரிலை இடியப்பத்துக்குச் சீனி போடுறாங்கள் எண்டு அம்மாவுக்குக் கடிதம் எழுதினனான்."

பிறகு ஏரிக்கரைக்கு நடந்தோம். கரையோர மழைமரங்கள் ரோட்டைக் கடந்து தண்ணீருக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றன. அங்கேதான் யானைக் கதையைச் சொன்னார். முன்னொரு காலத்தில் ஒரு மலாய்த் தலைவரிடம் லாருட் என்று ஒரு யானை இருந்ததாம். அது காட்டில் தொலைந்துவிட்டது. நாட்கள் கழித்துத் திரும்பி வந்தபோது காலெல்லாம் கறுப்பு மண். அந்த மண் மினுங்கியது. பார்த்தால், ஈயம்.

"ஈயம் தோண்டச் சீனர் வந்தாங்கள். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் ரயில் போட்டான். ரயிலுக்குக் கணக்கெழுத எங்கடை ஆக்கள் வந்தாங்கள். அந்த யானை ஒழுங்கா வீட்டிலை நிண்டிருந்தால், நான் தம்பியோடையே இருந்திருப்பன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, "இனி என்ன, போகத்தானே போறன்," என்றார்.

நானும் தலையாட்டினேன். அன்று வீடு திரும்பியதும் மச்சாளைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குசினி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மாமா இல்லையா?" என்றார். பிறகு தன் மலேசியத் தமிழில், "வெள்ளிக்கிழமை வீட்டுப் பத்திரத்துல சைன் பண்ண வர்றாங்க. அதுக்கு முன்னால நீங்கதான் சொல்லணும் லா. நான் சொன்னா, வீட்டை விக்க விடாம பொய் சொல்றேன்னு அம்மா நினைப்பாங்க," என்றார்.

கூழ்

வியாழக்கிழமை மதியம் மாமி நண்டுக் கூழ் காய்ச்சினார். பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கும் ஒடியல் மா அங்கே ஏது? மரவள்ளி மா. பழப்புளிக்குப் பதிலாக ஏதோ காய்ந்த புளிப்புப் பழத்துண்டு. பலாக்கொட்டை, பயற்றங்காய், எலுமிச்சம்புல், விரல்நுனி அளவு பெலாச்சான். அது எங்கள் ஊர்க் கூழ் இல்லை. ஆனால் ஊரை விட்ட ஒன்பது வருடத்தில் என் வாயில் பட்டவற்றில் எங்கள் ஊருக்கு மிகக் கிட்ட வந்தது அதுதான். இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாவதை ஊற்றிக்கொண்டே மாமி சொன்னார்:

"கொப்பருக்கு எழுது. அக்கா கூழ் காய்ச்சித் தந்தவ, நான் மூண்டு கோப்பை குடிச்சனான் எண்டு எழுது."

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மாமி, அப்பா இல்லை."

"எங்கை போயிட்டான்?"

"செத்துப்போனார். ரெண்டு வருஷத்துக்கு மேலை."

அகப்பை கையில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். "விசரோ உனக்கு? போன மாசம்தானே கடிதம் வந்தது."

"அது நான் எழுதினது. அவர் போனாப் பிறகு வந்தது எல்லாம் நான்தான்."

மாமி அடுப்பை அணைத்தார். பானையை மூடினார். பின்பக்கம் போய், மழைக்குள் குழாயடியில் உட்கார்ந்து, சேலையோடு வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வருடம் பிந்திய முழுக்கு. மச்சாள் துவாயோடு ஓடினார். நான் குசினியிலேயே நின்றேன்.

திரும்பி வந்து, ஈரத்தோடு, என் முகத்தைப் பாராமல் சொன்னார்:

"ரெண்டு வருஷமும் அவன்ரை நட்சத்திரத்துக்குப் பிள்ளையார் கோயிலிலை அர்ச்சனை செய்தன். ஐயர் பேர் கேட்டார். சத்தமாச் சொன்னன். செத்தவனுக்கு ஆயுள் கேட்டிருக்கிறன். என்னை என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

நான் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.

இரண்டு கட்டு

மச்சாள் தொலைபேசியில் கூப்பிட்டு, வீடு வாங்க இருந்தவரை வரவேண்டாம் என்றார். இரண்டு நாள் மாமி என்னோடு கதைக்கவில்லை. நேரத்துக்கு நேரம் மேசையில் என் சாப்பாடு மட்டும் மூடியிருக்கும்.

ஞாயிறு காலை பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். கடிதங்கள்.

"பிரி. அவன்ரை ஒரு பக்கம், உன்ரை ஒரு பக்கம்."

பிரித்தேன். எனக்குத்தான் வித்தியாசம் தெரியும். என்னுடையவை பதினான்கு. அதில் ஒன்று மட்டும் மடிப்பு நைந்து, துணிபோல ஆகியிருந்தது. அதை என் பக்கம் வைத்தபோது மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதுவுமோ?"

'அக்கா, உன் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது' என்று எழுதியிருந்த கடிதம். கோயிலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாராம்.

"ஓம் மாமி."

"எனக்கு விளங்கியிருக்க வேணும். அவன் இப்பிடி எழுத மாட்டான். மாடு கண்டு போட்டது எண்டுதான் எழுதுவான்." ஒற்றையை விரித்து அந்த வரியில் விரலை வைத்தார். "அப்ப ஆருக்குப் பசிச்சது?"

"எனக்கு."

ஒருவேளையும் ஒழுங்காகச் சாப்பிட மனமில்லாத ஒரு குளிர்காலத்தில் எழுதியது அது. அப்பாவின் எழுத்தில் என்னை அறியாமல் நான் வெளியே வந்திருந்தேன்.

பதின்மூன்றை நூலால் கட்டி, "கொண்டுபோ. எனக்கு வேண்டாம்," என்று என்னிடம் தந்தார். நைந்ததை அவரே வைத்துக்கொண்டார். அதை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை.

மஞ்சள் சோறு

அடுத்தநாள், "வெளிக்கிடு, போர்ட் வெல்டுக்குப் போறம்," என்றார். அந்தக் கழிமுக ஊரின் பெயரை அரசாங்கம் எப்போதோ மாற்றிவிட்டது. மாமி மாற்றவில்லை. அவருடைய கணவர் வேலை செய்த ரயில்பாதை அந்த ஊரில்தான் முடிந்ததாம். இப்போது தண்டவாளமும் இல்லை. கண்டல் காடு, கரி சுடும் சூளைகளின் புகை, சேற்றில் சாய்ந்த படகுகள்.

துறையில் ஒரு மலாய்ப் பெண்ணிடம் வாழையிலையில் சுற்றிய மஞ்சள் சோறு வாங்கினார். ஒட்டும் அரிசியை மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்தது. ஆற்றோரம் மஞ்சள் துணி கட்டிய ஒரு சின்ன மேடை இருந்தது. அங்கே வைத்து அந்த இடத்தின் கதையைச் சொன்னார்.

ஒரு மீனவன் கடலுக்குப் போனான், வரவில்லை. அவன் பெண்சாதி அவனுக்குத் தினமும் சமைத்து வைத்தாள். வருவான் என்றே எல்லோருக்கும் சொன்னாள். கடைசியில் ஒருநாள் மஞ்சள் சோறு அவித்து ஆற்றில் விட்டாள். அடுத்த முறை கடல் வற்றியபோது அவனுடைய துடுப்பு கரையில் கிடந்தது.

"துடுப்பு மட்டும்தான் வந்ததாம். அதுக்குப் பிறகுதான் அவள் அழுதாளாம். உடம்பைக் காணாத ஆக்களுக்கு இங்கை சீனரும் வைப்பினம், மலாய்க்காரரும் வைப்பினம், தமிழரும் வைப்பினம்."

"மாமி, எங்கடை சமயத்திலை..."

"இல்லைத்தான். எண்டாலும் நாப்பது வருஷத்துக்கு மேலை இங்கை இருந்திட்டன். எனக்குத் தெரிஞ்ச ஆறு இதுதான்." இலையை என் கையில் தந்தார். "நீ மகன். நீ வை."

மேடையில் ஒரு பிடி வைத்தேன். மிச்சத்தைத் தண்ணீரில் விட்டேன். மஞ்சள் பருக்கைகள் பிரிந்து, சேற்றுத் தண்ணீரில் கொஞ்சத் தூரம் போயின. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. செய்தி வந்த நாளில் வரவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, எனக்கும் சேர்த்துத்தான் அப்பாவை உயிரோடு வைத்திருந்தேன் என்பது அங்கே விளங்கியது. மாமி என்னைத் தேற்றவில்லை. என் சட்டையின் பின்பக்கத்தை மட்டும், வழுக்கி விழாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டை அவர் விற்கவில்லை. பிறகு ஆறு வருடம் அதே வீட்டில் இருந்தார். யாழ்ப்பாணம் போகும் கதையை எடுக்கவேயில்லை. என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொன்னதுமில்லை.

நான் புறப்பட்ட நாளில் ஸ்டேஷனுக்கு வந்தார். ரயில் பிந்தும் என்றார்கள். வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"நீ அங்கை என்ன வேலை செய்யிறாய்?"

திடுக்கிட்டுப் போனேன். வந்த நாளிலிருந்து அதை யாரும் கேட்கவில்லை.

"இத்தினை கடிதம் வந்தது. ஒண்டிலையும் உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அவனும் எழுதேல்லை, நீயும் எழுதேல்லை. சொல்லு."

"ஹோட்டலிலை கோப்பை கழுவுறன், மாமி."

"குளிரோ?"

"வெளியிலை குளிர். உள்ளுக்கை சரியான வெக்கை."

"ஆரோடை இருக்கிறாய்? சமைக்கிறது ஆர்?"

சொன்னேன். யோசேப்பு அண்ணையைப் பற்றி, இரண்டு ஏரிகளைப் பற்றி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் வெள்ளை மலையைப் பற்றி, ஜெர்மன் வகுப்பில் பெயிலானதைப் பற்றி. அவர் இடையிடையே கேட்டார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ரயில் ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. எனக்கு அது போதவில்லை.